மண்டை வீக்கமும் மந்திரக் கயிறும்

குழந்தைக்கு மண்டையில் வீக்கம், காதில் ஓயாத சீழ், அடங்காத தாகம், குடம் குடமாய் மூத்திரம் என்றால் நமது நாஞ்சில் நாட்டில் மாடன் கோளாறென்று கயிறு கட்டுகிறார்கள். மாடனுக்குக் காதுச் சீழில் என்ன வேலை என்று நாம் கேட்கிறோம்.

இது ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்னும் அபூர்வ வியாதி. 1868-இல் லாங்கர்ஹான்ஸ் தோலில் கண்டறிந்த அணுக்களைப் போன்றவை உடம்பில் திரண்டு கெடுக்கின்றன. 2010-இல், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அவ்வணுக்களின் ஒரு ஜீனில் மாறுதல் கண்டார்கள். பூர்வ ஜென்மக் கர்மம் அங்கே அகப்படவில்லை! எலும்போடு நின்றால் குழந்தை அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும். ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையைப் பற்றினால்தான் உயிருக்கு ஆபத்து.

மருந்து வின்பிளாஸ்டின். சுடுகாட்டு மல்லி என்று நீங்கள் ஒதுக்கும் நித்தியகல்யாணியில் கிடைப்பது அது! 1981 முதல் திருவனந்தபுரத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. கொடைக்கு எடுத்துவைத்த பணத்தில் ரயில் டிக்கெட் வாங்குங்கள்.