தோலுக்குக் கணக்கு உண்டு, தொழிலாளிக்கு?

(கட்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தோல் பை எவ்வாறு உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சென்னையிலோ கான்பூரிலோ பதனிடப்பட்ட தோல் மும்பை ஏற்றுமதியாளரின் கிடங்கில் வந்து இறங்குகிறது. எத்தனை சதுர அடி, என்ன விலை, எந்த ஆர்டருக்கு உரியது என்ற விவரங்கள் அன்றே கணினியில் ஏறிவிடுகின்றன. கடல் கடந்த பிராண்டின் அலுவலகத்தில் இருப்பவர் வடிவமைப்பில் ஒரு பக்கிளின் இடத்தை மாற்றினால், சற்று நேரத்தில் அது மும்பை அலுவலகத்தின் திரையில் தெரிகிறது. சரக்கு லாரியில் ஏறினால் இ-வே பில். கப்பலில் ஏறினால் அதற்கும் தனி எண். பல நாடுகளில் உள்ள பல நிறுவனங்களை ஒரே கூரையின் கீழ் இருப்பதுபோல் வேலை செய்ய வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் நிர்வாகவியல் நூல்கள் டிஜிட்டல் ஒத்துழைப்பு என்று புகழ்கின்றன.

அந்தத் தோல் தாராவிக்கு வருகிறது. 90 அடி சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பி, கார்கானாவின் இரும்பு ஏணியில் ஏறுகிறது. ஏணியின் அடியிலேயே அந்தக் கணினி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நடப்பது எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஒரு புகைப்படம், ஒரு குரல் பதிவு, வியாழக்கிழமைக்குள் இத்தனை உருப்படி என்ற ஒரு வரி. ஆர்டரை அனுப்புபவர் இடைத்தரகர். அவருக்கு மேலே யார் இருக்கிறார், பை எந்த பிராண்டின் பெயரில் விற்கப்படும், அங்கே அதன் விலை என்ன என்பதெல்லாம் தைப்பவருக்குத் தெரியாது. வேலையைப் பற்றிய தகவல் கீழிருந்து மேலே தடையின்றிச் செல்கிறது. விலையைப் பற்றிய தகவல் மட்டும் மேலிருந்து கீழே இறங்குவதில்லை.

கணினியால் அதற்கு மேல் போக முடியாது என்று எவரும் எண்ண வேண்டாம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி சட்டப்படி, மூலப்பொருளை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் நிறுவனம் சலான் போட்டு அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் அதைத் திரும்பப் பெற வேண்டும். அந்தக் கணக்கை ஐடிசி-04 என்ற படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சலான் எண், தேதி, பொருள், அளவு, மதிப்பு என்று அனைத்துக்கும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. வேலை செய்து தருபவரின் ஜிஎஸ்டி எண்ணுக்கும் இடம் உண்டு. அவர் பதிவு பெறாதவர் என்றால்? மாநிலத்தின் பெயரை எழுதினால் போதும். சந்து, கார்கானா, அங்கே இரவு பகலாகக் குனிந்து தைக்கும் மனிதர்கள் அனைவரும் மகாராஷ்டிரா என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவான ஜாப் ஒர்க் பட்டறை பொதுவாகப் பதிவு பெறத் தேவையில்லை என்பது சிறுதொழிலுக்கு நியாயமான சலுகைதான். அதை எதிர்க்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. உள்ளீட்டு வரிச் சலுகை தவறாகப் போய்விடக் கூடாது என்ற அக்கறை இருந்ததால் தோலின் பயணத்துக்குப் படிவம் பிறந்தது. கூலி தவறாகப் போய்விடக் கூடாது என்ற அக்கறை இல்லாததால் தொழிலாளியின் உழைப்புக்குப் படிவம் பிறக்கவில்லை. எதைப் பதிவு செய்வது என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை.

உருப்படிக் கூலி முறை இருக்கும் இடத்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இடைத்தரகர்கள் அடுக்கடுக்காக முளைப்பார்கள் என்று மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். அன்று அந்த இடைத்தரகர் வீடு வீடாக நடந்தார். இன்று குழுவில் செய்தி போடுகிறார். ஒரே ஆர்டர் ஐந்து கார்கானாக்களுக்குப் போகிறது. குறைந்த கூலிக்கு முதலில் சம்மதிப்பவருக்கு வேலை. கார்கானாவை நடத்துபவரும் பெரும்பாலும் நேற்றுவரை மெஷினில் உட்கார்ந்திருந்த காரிகர்தான் என்பதைத் தோழர்கள் மறக்கக் கூடாது. அவரை எதிரி வரிசையில் நிறுத்துவது ஏற்றுமதியாளருக்கே உதவும்.

தகவலைத் தொழிலாளர்களே கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையிலேயே ஒரு சான்று உண்டு. 1890 முதல் இயங்கிவரும் டப்பாவாலாக்கள், மூடியில் எழுதும் சில எழுத்துகளையும் எண்களையும் நிறங்களையும் கொண்டே புறநகர் வீட்டிலிருந்து நகரின் அலுவலக மாடிவரை டப்பாவைக் கொண்டு சேர்க்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பாடமாக்கியது. பலரும் வியப்பது அவர்களின் துல்லியத்தை. அந்தக் குறியீடு எந்த முதலாளியின் கணினியிலும் இல்லை, தூக்கிச் செல்பவர்களுக்கே சொந்தம் என்பதுதான் அதைவிட முக்கியம்.

இப்போது இந்தப் பிரச்சினைக்கு ஏன் அவசரம்? தாராவிக்கு இரண்டாவது ஒரு கணினி வந்துவிட்டது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. திட்ட நிறுவனத்தில் அதன் பங்கு 80 சதவீதம், மாநில அரசின் பங்கு 20 சதவீதம். 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் டிரோனும் லேசர் அளவீட்டுக் கருவியும் ஒவ்வொரு சந்தையும் அளக்கின்றன. ஏணிக்கு மேலே பார்க்க மறுத்த முதல் கணினிக்கு மாறாக, இது எல்லாவற்றையும் பார்க்கிறது. பார்த்துவிட்டு ஆவணம் கேட்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாக நிறுவினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். கார்கானாக்களும் தங்கள் இருப்பை ஆவணத்தால் நிறுவியாக வேண்டும். மெஷினுக்கு மேலுள்ள பரணில் உறங்கும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளியிடம் என்ன ஆவணம் இருக்கும்? ஆண்டுக்கணக்கில் ஏற்றுமதிக்குத் தைத்த பட்டறைக்கு ஒரு துண்டுச் சீட்டைக்கூட ஏற்றுமதியாளர் தந்ததில்லை. அந்தச் சீட்டு இல்லாததையே காரணம் காட்டி வெளியேற்ற முடியும்.

தந்திருக்க முடியாதா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்புகளில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே ஏராளம். அவர்களின் ஊரில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிய பெண்களிடம் பாஸ்புத்தகம் இருந்ததை அவர்கள் அறிவார்கள். 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. ஒப்பந்ததாரர் நடுவில் இருந்தாலும் கம்பெனியின் பொறுப்பு போய்விடாது என்ற அந்த ஏற்பாட்டை 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. இலையும் தூளும் எவ்வளவு கொடுக்கப்பட்டன, எத்தனை பீடி வாங்கப்பட்டது என்பதைக் கணினியே இல்லாத காலத்தில் எழுதி வைக்க முடிந்தது. அந்தச் சட்டத்தையும் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் விழுங்கிவிட்டன. தோல், ஆயத்த ஆடைத் தொழில்களின் ஜாப் ஒர்க்குக்கும் அத்தகைய பாஸ்புத்தகம் வேண்டும், ஐடிசி-04 படிவத்தில் பட்டறையின் பெயரும் முகவரியும் கட்டாயமாக வேண்டும் என்ற கோரிக்கைகளை எழுப்ப இது தடையாகாது.

கோரிக்கை வெல்லும்வரை கைபேசியில் இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, உரிய சான்றிதழுடன் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம். வாட்ஸ்அப் ஆர்டரும், யுபிஐ வழியே வந்த கூலியும் அதில் அடங்கும். 2000-க்கு முந்தைய இருப்பை நிறுவ இவை உதவாது, அன்று வாட்ஸ்அப்பே இல்லை. அதற்கு ரேஷன் அட்டை, மின்சாரக் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் என்று பழைய காகிதங்களைத்தான் தேட வேண்டும். ஆனால் அண்மைக்கால இருப்புக்கும், கூலி பாக்கி வழக்குக்கும், ஆர்டரின் மூலம் யார் என்பதைக் காட்டுவதற்கும் இவை பயன்படும்.

நடைமுறையில் போன் நிறைந்துவிட்டது என்று செய்திகளை அழித்துவிடுகிறார்கள். போன் உடைந்தால் எல்லாம் போயிற்று. செய்திகள் தாமாக மறையும் வசதியை இடைத்தரகரே சில நேரம் போட்டு வைக்கிறார். எனவே ஒவ்வொரு கிளையிலும் கைபேசி தெரிந்த ஓர் இளம் தோழர் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை ஆர்டர் உரையாடல்களை மின்னஞ்சலுக்கு அனுப்பிச் சேமித்துத் தர வேண்டும். புகைப்படங்களையும் குரல் பதிவுகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், தேதியும் அனுப்பியவரின் எண்ணும் தெரிய வேண்டும். ஆர்டர் வரும்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்கு, எத்தனை உருப்படி, என்ன கூலி என்று எழுத்திலேயே திருப்பிக் கேட்கப் பழக்க வேண்டும். பதில் வந்தால் அதுவே ரசீது. வராவிட்டாலும், கேட்ட தேதி பதிவில் இருக்கும்.