நெசவாளரின் தோள்வலி

எங்கள் ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் விடியுமுன்பே தறியொலி கேட்கும். குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் மிதிக்கட்டையை மிதிக்கும். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கும், மறு கை பலகையை அடிக்கும். நாள் முழுதும் இவ்வாறு உழைப்பவரின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே, தசையில் பட்டாணி போன்ற ஒரு முடிச்சுத் திரள்வதுண்டு. சுருங்கிய தசைநார் தளராமல் நிற்கும் இடம் அது என மருத்துவர் கருதுவர். அதனை அழுத்தினால் வலி தலைக்கும் ஏறும். கென்னடிக்கு மருத்துவராயிருந்த டிராவெல் அம்மையார், சைமன்ஸ் என்பாருடன் சேர்ந்து 1983-இல் இதுபற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார்.

நம் சித்த மருத்துவம் இக்கைமுறையைத் தொக்கணம் என்று வழங்கி, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பதாக வகுத்துள்ளது. தைலம் தடவி, பெருவிரலால் மெல்ல அழுத்தி, வலி தணிந்தபின் தசையை நீட்டிவிடுவர். முரட்டுக்கை ஆகாது. கை மரத்தாலோ வலுக் குன்றினாலோ மருத்துவரிடமே செல்லவேண்டும்.

மெதுவாக எழுதுகிறான் என்று ஒரு மாணவனை நான் பலமுறை கடிந்திருக்கிறேன். இரவில் தந்தைக்குத் துணையாகத் தறியில் அமர்பவன் அவன் என்பது பின்னரே தெரிந்தது. தோளைத் தொட்டேன்; முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. தொக்கணம் வலியைத் தணித்தது, ஆனால் மறுவாரமே அது திரும்பியது. தந்தை அவனை இரவில் தறிக்கு அழைப்பதை நிறுத்திய பிறகுதான் அவன் கை எளிதாக எழுதிற்று.