மொக்கு என்னும் வசை ஒழிக!



கல்வியே நம் குடாநாட்டின் பெருஞ்செல்வம் என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசுகின்றோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்ததும், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பாடசாலை வாயிலை அலங்கரிக்கின்றன. நன்று! ஆனால், அதே வகுப்பின் கடைசி வாங்கில், எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாது தலைகுனிந்திருக்கும் பிள்ளையை நம்மில் எத்தனை பேர் நினைக்கின்றோம்?

அப்பிள்ளைக்குத் தோழர் சூட்டிய பெயர் "மொக்கு". அவன் கொப்பியைப் பறித்து எறிகின்றனர். அவன் திக்கி வாசிப்பதைப் போல நடித்துச் சிரிக்கின்றனர். விளையாட்டில் சேர்க்க மறுக்கின்றனர். நாளடைவில், வயிற்றுவலி என்று சொல்லி அவன் வீட்டிலேயே நின்றுவிடுகின்றான்.

இப்பழியைச் சிறுவர் தலையில் மட்டும் சுமத்தலாமா? அவ்வசையை நம் வாயிலிருந்தன்றோ அவர்கள் கற்றனர்! "மாடு மேய்க்கப் போ" என்று ஏசுகின்றோம். அந்த ஒரு சொல்லாற் பிள்ளையையும் இழிவுசெய்கின்றோம். நமக்குச் சோறிடும் தொழிலையும் இழிவுசெய்கின்றோம்.

வாசிக்க இடர்ப்படுதல் அறிவின்மை அன்று. 1896 இல் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப்பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் அவனே பாடசாலையிற் சிறந்த மாணவனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

கைதடி நவீல்ட் பாடசாலையில் விழிப்புலனும் செவிப்புலனும் இழந்த பிள்ளைகள் கற்பதைப் போற்றுகின்றோம். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இரங்கும் நாம், தெரியாத இடர்ப்பாட்டைச் சோம்பல் என்று தண்டிப்பது நீதியாகுமா?

1998 இல் நம் நாட்டிற் கட்டாயக் கல்வி விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆசிரியரின் அடியால் மாணவன் ஒருவன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், சட்டம் பிள்ளையைப் பாடசாலை வாயில்வரை கொண்டுவரும். வகுப்பில் அவனை நிலைக்கச் செய்வது நம் நடத்தையே.

அதற்கு வழியுண்டு. நோர்வே நாட்டில் 1983 இல் டான் ஒல்வேயஸ் என்னும் அறிஞர் இக்கொடுமையைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தார். இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை, வகுப்பிலே தெளிவான விதி, துன்புறுத்தியவனோடும் துன்புற்றவனோடும் பெற்றாரோடும் பேச்சு. இவையே அதன் அடிப்படை. பேர்கன் நகரின் 42 பாடசாலைகளில் இரண்டாண்டுக்குள் துன்புறுத்தல் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. இவற்றுள் நம்மால் இயலாதது எது?

ஆசிரியர்களே, இடர்ப்படும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள், அருகிருத்திக் கேளுங்கள். பெற்றோர்களே, அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லி உங்கள் பிள்ளையை வதைக்காதீர்கள்.

வெங்காயத் தறையில் ஒரு பாத்திக்கு நீர் ஏறாவிட்டால், நம் கமக்காரன் பாத்தியை ஏசுவதில்லை, வாய்க்காலைத் திருத்துகின்றான். அந்த விவேகத்தை வகுப்பறைக்கும் கொண்டுசெல்வோம். "மொக்கு" என்னும் வசையை முதலில் நம் நாவிலிருந்து அகற்றுவோம்!