பயிற்சி இடமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவனுக்குத் தொழிற்பயிற்சி பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரே ஒரு தகுதி உண்டு. அத்துறையில் நான் ஒரு பிழை செய்திருக்கிறேன்.

பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பள்ளியின் நீரேற்று மோட்டார் நின்றுபோனால் தலைமையாசிரியர் முதலில் அவனைத்தான் அழைப்பார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் தொழிற்பயிற்சி நிலைய விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தான். "இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு ஸ்பேனர் பிடிக்கப் போகிறாயா?" என்று கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. மேனிலைக் கல்வியும் பின்னர் இளங்கலைத் தமிழும் பயின்றான். இன்று ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறான். கணக்கெழுதுவது இழிவன்று. ஆயினும் அவன் கைக்குரிய வேலை அதுவன்று.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. நாற்காலிமேல் ஏறிச் சரிசெய்தவர் அவரே. பிறகு என் அருகில் அமர்ந்து, "ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டாள். எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறாள். அவள் பாட்டி வேண்டாம் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். எந்த வார்த்தையை எதிர்பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இம்முறை விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விசாரித்ததில் அறிந்தவை இவை. நம் மாநில அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் தரப்படுகின்றன. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியே கிடைக்கும்; 2024 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான பிரிவுகளும் உள்ளன. வெல்டர் அவற்றில் ஒன்று.

பயிற்சியோடு செய்தி முடிவதில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் ஒன்றுண்டு. அதன்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநரைக் கட்டாயம் அமர்த்த வேண்டும். உதவித்தொகையும் வழங்க வேண்டும். அத்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் என்னும் வரம்புக்குள், நடுவணரசு ஏற்கும் திட்டம் 2016இல் வந்தது. அரசின் பணம் பயிற்சிக் கூடத்தில் மட்டுமன்றித் தொழிற்சாலைக்குள்ளும் பிள்ளையைப் பின்தொடர்ந்து செல்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

2025இல் நாடு முழுதும் 1,000 நிலையங்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு நடுவணரசு ஒப்புதல் அளித்தது. மாநிலங்களும் தொழில் நிறுவனங்களும் அதில் பங்கேற்கின்றன. சில மாதங்களில் முடியும் குறும்பயிற்சிகளுக்கும் 2015 முதல் பெருந்தொகை செலவிடப்படுகிறது. என் கருத்தைக் கேட்டால், பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு ஈராண்டுப் பயிற்சியையே பரிந்துரைப்பேன். கைப்பழக்கம் மூன்று மாதத்தில் வந்துவிடாது, இலக்கணமே வருவதில்லையே! குறும்பயிற்சி ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குப் பயன்படும். சிறுதொழில் தொடங்க எண்ணும் கிராமத்து இளைஞருக்கு, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உண்டு. அங்கே உணவும் தங்குமிடமும்கூட இலவசம்.

நம் சமூகத்துக்கெனவும் ஒரு வாயில் உண்டு. 2014 சனவரியில் சமணர் நாட்டளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால் நடுவணரசின் சிறுபான்மையினர் திறன் பயிற்சித் திட்டங்களில் நம் பிள்ளைகளும் சேரலாம். கல்வி உதவித்தொகையைக் கேட்டுப் பெறும் நம்மவர், பயிற்சி என்றால் ஏனோ ஒதுங்கி நிற்கிறோம். ஆதிநாதர் உலகோர்க்குக் கற்பித்த அறுதொழில்களுள் சிற்பமும் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கைத்தொழில் அனைத்தும் அச்சொல்லில் அடங்கும்.

பாட்டியின் அச்சம் வேறு. "கரண்ட்டைத் தொடுகிற வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்றார். நான் வாதாடவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். பட்டறையில் இரு பெண்கள் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தனர். பாட்டி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தானே தொடுகிறார்கள் என்று கேட்டார். ஆம் என்றார் பயிற்றுநர். வீடு திரும்பும் வழியில் அவர் கேட்டதெல்லாம் பேருந்து நேரம் பற்றித்தான்.

அந்தப் பெண் இப்போது முதலாண்டில் பயில்கிறாள். சேர்க்கைக்கான விண்ணப்பம் இணையவழியில் கோடையில் தொடங்கும். மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்யும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளைப் பலரும் விரும்பிக் கேட்பர். காலந்தாழ்த்தினால் கேட்ட பிரிவு கிட்டாது. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள், உணவு முடிந்தபின் திண்ணைப் பக்கம் வாருங்கள். நானும் அம்மாணவியின் தந்தையும் மாலை வரை அங்கேதான் இருப்போம்.