பனியன் கம்பெனியும் பஞ்சப்படியும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே பொருளாதாரம் படித்துவிட்டுத் திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன் நான். "யூனியன் வந்தா தொழில் கெட்டுப்போகும்"னு முதலாளிகள் சொல்வாங்க. "ஏற்றுமதி வந்து எங்களுக்கு என்ன கிடைச்சுது?"னு தொழிலாளிகள் கேட்பாங்க. இரண்டு பக்கத்தையும் கேட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதனால் தொழில் அழிந்துவிடவில்லை. ஏற்றுமதி பெருகியதே அதற்குப் பிறகுதான். ஆனால் பல முதலாளிகள் வேலையைப் பவர்டேபிள்காரரிடமும் கான்ட்ராக்ட்காரரிடமும் பிரித்துக் கொடுத்தார்கள். சிதறிய இடத்தில் சங்கத்தின் பிடி தளர்ந்தது.

அடுத்தது வெளிநாட்டு வியாபாரம். எந்த நாடு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று மேலை நாடுகள் 1974 முதல் கோட்டா வைத்திருந்தன. கோட்டா கையில் இருந்தவருக்கு லாபம் உண்டு; கூலி உயர்வு கேட்டால் கொடுக்க ஏதோ இருந்தது. 2005 ஜனவரி 1-ல் கோட்டா ஒழிந்தது. ஐரோப்பா 2001-லேயே வங்கதேசம் போன்ற ஏழை நாடுகளுக்கு வரியை நீக்கியிருந்தது. அந்தச் சலுகை நமக்கு இல்லை. "அங்கே இந்த விலைக்குத் தர்றாங்களே" என்பார் பையர். அந்த விலைக்குள் நூல், சாயம், கரண்ட், கூலி எல்லாம் அடங்கணும். நூல் விலை நம் கையில் இல்லை. அப்போது கை முதலில் போவது கூலியின் மேல்தான்.

இங்கேதான் பொது ஒப்பந்தத்தின் அருமை தெரியும். திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி, கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங் எனப் பிரித்து ஷிப்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஊருக்கெல்லாம் ஒரே கூலி என்றால், பக்கத்துக் கம்பெனிக்காரர் கூலியை அறுத்து ஆர்டர் பிடிக்க முடியாது. தரத்திலும், சொன்ன தேதிக்கு அனுப்புவதிலும்தான் போட்டி போடணும். இது நேர்மையான முதலாளிக்கும் பாதுகாப்பு.

ஒப்பந்தம் எட்டாத பீஸ் ரேட்காரர்தான் இதில் உள்ள ஓட்டை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் வரியை 50 சதவீதமாக்கியது. அப்படி ஓர் அடி விழும்போது முதலில் வேலை இழப்பவர் அவர்தான்.

மாணவர்களே, உங்களில் சிலர் முதலாளி ஆவீர்கள். பலர் சம்பளக்காரர் ஆவீர்கள். மேஜையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், வெளியே நிற்கும் அந்த ஆளையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டு வாருங்கள்.