அவசரத்துல கட்டின சுவர், 1,600 வருஷ ட்யூட்டி: ரோம் நகரத்து மதில்

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரு சுவரைப் பத்தித்தான். ரோம் நகரத்தைச் சுத்தி இருக்கிற அவுரேலியன் மதில். மொத்த நீளம் சுமார் 19 கிலோமீட்டர். அதுல 12 கிலோமீட்டருக்கு மேல இன்னைக்கும் நிக்குது. எப்படி நிக்குது? அதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

ரோம் உச்சத்துல இருந்தப்போ அந்த ஊருக்கு உருப்படியான மதிலே கிடையாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுல கட்டின பழைய மதில் ஒண்ணு இருந்தது, ஊர் அதைத் தாண்டி எங்கேயோ வளர்ந்துடுச்சு. புதுசா கட்டணும்னு யாருக்கும் தோணல. எதிரி வந்தா ரைன், டான்யூப் நதிக்கரையிலேயே படை நிறுத்திடும்னு நம்பிக்கை.

3ஆம் நூற்றாண்டுல அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஜெர்மானியக் கூட்டங்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள்ளேயே வந்தாங்க. பேரரசர் அவுரேலியனோட படையே ஒரு போர்ல தோத்தது. அப்புறம் அவர் சுதாரிச்சு அவங்களை விரட்டிட்டார். ஆனா ரோம் மக்களுக்குப் பயம் போகல. 271ல மதில் வேலை ஆரம்பம்.

இங்கதான் ஒரு சிக்கல். கிழக்கே பல்மைரா ராணி ஸெனோபியா மேல படையெடுக்கணும், அதனால கட்டுமானத்துக்குப் படைவீரர்களை ஒதுக்க முடியாது. வேலை நகரத்துத் தொழிலாளர் சங்கங்கள் கைக்குப் போச்சு. டிசைனும் அதுக்கேத்த மாதிரி சிம்பிள். உள்ளே கான்க்ரீட், வெளியே செங்கல், சுமார் மூன்றரை மீட்டர் தடிமன், 100 ரோமானிய அடிக்கு, அதாவது கிட்டத்தட்ட 30 மீட்டருக்கு, ஒரு சதுரக் கோபுரம். அதையே திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டே போனாங்க.

நேரம் மிச்சம் பண்ண இன்னொரு வழியும் பிடிச்சாங்க. வழியில எந்தப் பழைய கட்டடம் வந்தாலும் அதையே சுவரா மாத்திட்டாங்க. நம்ம ஆபீஸ்ல டெட்லைன் நெருங்கினா பழைய கோடை அப்படியே எடுத்துச் செருகுவோமே, அதே கதை. செஸ்டியஸ்னு ஒருத்தரோட பிரமிடு கல்லறை மதில்ல ஒரு பகுதியாயிடுச்சு. ஒரு ஆம்பிதியேட்டரோட வளைவுகளை அடைச்சு சுவராக்கினாங்க. போர்த்தா மஜ்ஜோரேங்கிற வாசல், தண்ணீர் கொண்டுவந்த கால்வாயோட வளைவு. அதுக்குப் பக்கத்துல யூரிசாசஸ்ங்கிற ரொட்டிக் கடைக்காரரோட கல்லறையைப் பின்னாடி வந்த கோபுரம் ஒண்ணு விழுங்கிடுச்சு. 1838ல கோபுரத்தை இடிச்சப்போதான் அது வெளியே வந்தது. இன்னைக்கும் பார்க்கலாம்.

சரி, மதில் ஊரைக் காப்பாத்துச்சா? 5ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பேரரசர் ஹொனோரியஸ் அதைப் பலப்படுத்தினார், உயரம் ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. ஆனாலும் 410ல அலாரிக்கோட கோத் படை உள்ளே வந்துடுச்சு. சுவரை உடைச்சு வரல. தானிய வரத்தை அடைச்சு ஊரைப் பட்டினி போட்டிருந்தாங்க. கடைசியில சலேரியன் வாசல் ராத்திரியில உள்ளேயிருந்து திறந்தது.

537ல நிலைமை வேற. தளபதி பெலிசாரியஸ் கையில சுமார் 5,000 வீரர்கள், வெளியே பெரிய கோத் படை. முந்தின வருஷம் நேப்பிள்ஸை அவர் பிடிச்சதே, வறண்டு கிடந்த தண்ணீர்க் கால்வாய் வழியா ஆட்களை அனுப்பித்தான். அதனால, ரோமுக்கு வர்ற கால்வாய்களை கோத் படை உடைச்சதும், அது வழியா யாரும் உள்ளே நுழையாம இருக்க அவர் அதை அடைச்சார். தண்ணீர் நின்னதால மாவு மில் ஓடல. டைபர் ஆத்துல படகுகளைக் கட்டி, அதுல மில் ஓட்டினார். ஒரு வருஷத்துக்கும் மேல தாக்குப்பிடிச்சாங்க. ஆனா 546ல மறுபடி முற்றுகை, மறுபடி பட்டினி. காவலுக்கு நின்ன இசாரியன் வீரர்கள் சிலரே அசினேரியன் வாசலைத் திறந்துவிட்டாங்க.

அதே சுவர்தான், ஆனா உள்ளே சாப்பாடும் ஒத்துழைப்பும் இருந்தப்போ தாங்குச்சு. அது இல்லாதப்போ எத்தனை மீட்டர் உயரம் இருந்தும் உதவல.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். மதில் இன்னைக்கு வரைக்கும் நிக்கிறதுக்கு முக்கியக் காரணம், ரொம்ப காலம் அது வேலையிலேயே இருந்தது. வாசல்ல சுங்கம் வசூலிச்சாங்க, ராத்திரி கதவைப் பூட்டினாங்க. போப்புகள் விடாம ரிப்பேர் பார்த்தாங்க, அவங்க சின்னம் பொறிச்ச கற்கள் சுவர்ல இன்னும் இருக்கு. 1870 செப்டம்பர் 20ஆம் தேதிதான் அந்த ட்யூட்டி முடிஞ்சது. இத்தாலியப் படை போர்த்தா பியா வாசல் பக்கத்துல பீரங்கியால சுவரைப் பிளந்தது. சில மணி நேரத்துல வேலை முடிஞ்சு, ரோம் இத்தாலியோட சேர்ந்தது.

அதுக்கப்புறம் யாருக்கும் அது தேவைப்படல. ரோடு போட அங்கங்க வெட்டினாங்க. 2001ல ஒரு பகுதி இடிஞ்சே விழுந்தது, அப்புறம் திரும்பக் கட்டினாங்க. தேவை இருந்த வரைக்கும் பராமரிப்பு தானா நடந்தது. இப்போ யாராவது நினைச்சுப் பட்ஜெட் ஒதுக்கினாத்தான் உண்டு. நம்ம ஊர்ப் பழைய கட்டடங்களுக்கும் இதே கதைதானே?

ரோம் போனா கொலோசியத்தோட திரும்பிடாதீங்க. போர்த்தா சான் செபஸ்தியானோ வாசல்ல மதிலுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.