கைநாட்டு கையெழுத்தாகட்டும்! – திருவேங்கடம் கூட்டத்தில் ஆற்றிய உரை

திருவேங்கடம் வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, தீப்பெட்டி ஆபீஸ் வேலையை முடிச்சிட்டு நேரா இங்க வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே!

நம்ம கரிசக்காட்டுல நின்னு மேற்கே பார்த்தா மலை தெரியுது. அந்த மலையடிவாரத்துல, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் பளியர் மக்கள் வாழுறாங்க. தேன் எடுக்கிறவங்க, காட்டை நம்மளவிட நல்லா படிச்சவங்க. ஆனா அவங்கள்ல எத்தனை பேருக்குப் பேப்பரைப் படிக்கத் தெரியும்னு நாம ஒரு நாளாவது கேட்டிருக்கோமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தமிழகப் பழங்குடி மக்களிடம் அது 54 சதவீதம்தான். இந்தியா முழுவதும் உள்ள பழங்குடியினரின் சராசரியோ 59 சதவீதம். கல்வியில் முன்னணி என்று மார்தட்டும் மாநிலத்தில், பழங்குடி மக்கள் நாட்டின் சராசரிக்கும் கீழே! இது அவங்க குறை இல்லைங்க, நமக்குத்தான் தலைகுனிவு.

எழுத்து தெரியலைன்னா என்ன போகுது? உரிமை போகுது! 2006 வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும், அனுபவித்து வரும் நிலத்துக்கு உரிமை கோரவும் வழி தந்திருக்கிறது. அந்தக் கோரிக்கை முதலில் கிராம சபைக்குத்தான் வரணும். ஆனா மனுவில என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கட்டைவிரலை வச்சா, அந்த உரிமை யார் கையில இருக்கு? தேனை நிறுக்கிற தராசுல எண்ணைப் படிக்கத் தெரியலைன்னா, விலையை யார் முடிவு பண்றாங்க?

"பள்ளிக்கூடம் இருக்கே" என்பார்கள். தேன் பருவத்தில் காட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு நம்ம மணி அடிக்கிற நேரம் பொருந்தாது. வயசான தாயை ஒண்ணாம் வகுப்பு பெஞ்சுல உட்கார வைக்கவும் முடியாது. அதனால எழுத்து அவங்க குடியிருப்புக்குப் போகணும். அவங்க பிள்ளைகள்ல படிச்ச ஒருத்தரே சொல்லித்தரணும். நேரத்தை ஊர் கூடி முடிவு பண்ணணும். தேன், கிழங்கு, ஓடை என்று அவங்க வாயில் இருக்கிற சொல்லே முதல் பாடமாகணும்.

இது நடக்காத காரியமா? 1990-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அடுத்து புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். நம்ம நெல்லைச் சீமையிலும் அறிவொளி நடந்ததே! 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தெருவுக்குத் தெரு வந்தது. மக்கள் இறங்கினா முடியும்.

தமிழகத்தில் 6 சமூகங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ளன. பளியர் அதில் இல்லை. எனவே அந்தச் சிறப்புத் திட்டங்கள் இவர்களைத் தாண்டிப் போகின்றன. ஆனால் 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமானது.

அரசிடம் நாம் கேட்பது:
✅ ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பிலும் ஒரு மாலை நேர மையம்
✅ அதே சமூகத்து இளைஞருக்குப் பயிற்சியும் மதிப்பூதியமும்
✅ வன உரிமை மனு, ரேஷன், வங்கிப் படிவங்களே பாடப்பொருள்

உங்ககிட்ட கேட்பது ஒண்ணே ஒண்ணு. மாசத்துல ரெண்டு நாள் ஒதுக்குங்க. அவங்களைத் திருத்துறதுக்காகப் போக வேண்டாம், அவங்க கூட உட்காரப் போங்க. எழுத்தை நாம கொடுப்போம், காட்டை அவங்ககிட்ட கத்துப்போம்.

அடுத்த கிராம சபையில் ஒரு பளியர் தாய் மனுவைத் தானே படிச்சு, தானே கையெழுத்துப் போடணும். அன்னைக்குத்தான் தென்காசி மாவட்டம் படிச்ச மாவட்டம்!



#கைநாட்டு_கையெழுத்தாகட்டும் #திருவேங்கடம்